மருத்துவமும் எம்மூர் மாணவியும்

‘நமக்கு இஃது ஆகாது’ என்னும் சொல் நம் நாட்டில் மூத்தோர் வாயிலிருந்து இளையோர் செவிக்கு எளிதில் இறங்குவது. சொல்வோர் அன்பினாலேயே சொல்லுவர். பின்னர் ஏமாற்றம் நேராதிருக்க வேண்டுமென்று சொல்லுவர். கேட்போரும் மூத்தோர் சொல்லை மீறலாகாதென்று அடங்குவர். இடையே ஒரு வாழ்வு திசைமாறிப் போவதை ஒருவரும் கவனிப்பதில்லை. அச்சொல்லை நானும் ஒருமுறை சொன்னேன். சொன்னதனால் நேரவிருந்த தீங்கும், அதனை நீக்க முயன்றபோது நான் அறிந்தனவும் நம் கல்லூரி அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எனது ஊர் தண்டலம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கம் ஏரியை இடப்புறத்தே விட்டு மேற்கே சென்றால் எங்கள் ஊர் வரும். அதற்கப்பால் இருங்காட்டுக்கோட்டை, அதற்கும் அப்பால் இராமாநுசர் பிறந்தருளிய ஸ்ரீபெரும்புதூர், தெற்கே ஒரகடம். ஒருகாலத்தில் நெல் விளைந்த இப்பகுதியில் இன்று தொழிற்சாலைகள் நிரம்பியுள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகள் செய்யப்பட்டு வருகின்றன. பொழுது புலருமுன்னரே கம்பெனிப் பேருந்துகள் வந்து சாலையோரம் நிற்கும். ஒரு ஷிப்டு ஏறும். மற்றொரு ஷிப்டு கண்ணெரிச்சலோடு இறங்கும். எந்தப் பேருந்து எந்தக் கம்பெனிக்கு உரியது என்பதை எங்கள் தெருக் குழந்தைகள் எழுத்தறியுமுன்னரே நிறத்தைக் கொண்டு அறிவர். ‘பெரியவனானால் என்னவாக ஆவாய்?’ என்று கேட்டால் பேருந்தைச் சுட்டிக் காட்டுவர்.

எங்கள் ஊரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியும் உண்டு. வெள்ளை அங்கி அணிந்த இளைஞரையும் நங்கையரையும் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும், காண்பது வேறு, தம்மை அவ்விடத்தே வைத்து எண்ணிப் பார்ப்பது வேறு. மருத்துவமனைக்குள் நோயாளியாகவும், நோயாளிக்குத் துணையாகவும், கூட்டிப் பெருக்கும் வேலைக்காகவும் எங்கள் தெருவினர் சென்றிருக்கின்றனர். மருத்துவம் பயிலலாம் என்று எண்ணினோர் மிக அரியர்.

எங்கள் வீட்டிற்கு அடுத்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். “தேர்வு முடியட்டும், அக்கா” என்று சொல்லிவிட்டாள். ஆகவே பெயரின்றியே எழுதுகிறேன். அவள் தந்தை ஒப்பந்தத் தொழிலாளர். தாய் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்கிறவர். முதல் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியிற் பயில்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆலயத்திலிருந்து திரும்பியபின் மாலைவேளையில் எங்கள் திண்ணைக்கு வருவாள். அவளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பேன்.

இரண்டாண்டுகளுக்கு முன், அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த வேனிற்காலத்தில், ஒரு மாலை, புணர்ச்சி விதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, நான் டாக்டருக்குப் படிக்கலாமா?” என்றாள்.

நான் சிறிதும் சிந்தித்திலேன். “அது நமக்கெல்லாம் ஒத்து வராதும்மா. இலட்சக்கணக்கிலே பணம் வேண்டும், இங்கிலீஷ் மீடியம் வேண்டும், கோச்சிங் வேண்டும். காமர்ஸ் குரூப் எடு; இல்லாவிட்டால் பன்னிரண்டு முடித்து நர்சிங் போ” என்று சொன்னேன்.

அவள் மறுமொழி கூறவில்லை. எழுதுகோலை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். அவ்வளவுதான்.

செவிலியர் தொழில் தாழ்ந்ததென்று நான் கருதுவதாக ஒருவரும் எண்ணற்க. என் பெரியம்மை செவிலியர். அவருடைய கைகளுக்கு நான் கடமைப்பட்டவள். என் பிழை அத்தொழிலைச் சொன்னதில் இல்லை. அவள் ஒரு வழியைக் கேட்க, அவ்வழி உண்டா இல்லையா என்பதை அறியாமலேயே நான் வேறு வழியைக் காட்டியதில் இருந்தது. அவளுக்கு நான் சொன்ன காரணங்கள் மூன்றும் நான் ஆராய்ந்து கண்டவை அல்ல. பத்தாம் வகுப்பில் நான் அதே வினாவைக் கேட்டபோது எனக்குச் சொல்லப்பட்டவை. தமிழை நான் விரும்பியே தேர்ந்தேன். அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. ஆயினும் மற்றொரு கதவு திறந்திருந்ததா என்று தள்ளிப் பார்க்காமலேயே திரும்பினேன் என்பதும் உண்மை.

நிற்க. கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறந்தது. தமிழுக்குத் தொண்டு செய்த மேல்நாட்டாரைப் பற்றிய பாடத்திற்காக எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, யாழ்ப்பாணத்து மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் என்பது. ஜி. யு. போப்பையும் கால்டுவெல்லையும் அறிந்த அளவு கிறீனை நம்மிற் பலர் அறியார். அமெரிக்க நாட்டில் 1822ஆம் ஆண்டு பிறந்த இவர், 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, அவ்வூர் இளைஞர்க்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் நாடி வெளியூர்களுக்குச் சென்றுவிடக் கண்டார். தமிழில் கற்றவரே தமிழ்க் கிராமங்களில் தங்கித் தம் மக்களுக்கு மருத்துவம் செய்வர் என்று தெளிந்து, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார்.

அதற்கு நூல்கள் வேண்டுமே! தம் மாணாக்கர் துணையுடன் நூல்களைத் தமிழாக்கினார். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவ்வாறு பிறந்தவை. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் மொழிபெயர்ப்புப் பணியை அவர் விடவில்லை. 1884இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறைக் கல்லிற் பொறிக்கப்படவேண்டும் என்பதே அவரது விருப்பம்.

இதனை நூலகத்தில் இருந்து குறிப்பெடுத்துக் கொண்டிருந்தபோது என் கை நின்றுவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அயல்நாட்டார், தமிழ்ப் பிள்ளைகள் மருத்துவராகலாம் என்று நம்பி அதற்காகத் தமிழைக் கற்று நூல் செய்தார். தமிழையே சிறப்புப் பாடமாகப் பயிலும் நானோ, தமிழ் வழியிற் படித்தவள் என்பதனையே ஒரு தடையாக ஒரு தமிழ்ச் சிறுமியிடம் எடுத்துரைத்தேன்! அன்று மாலை விடுதிக்குச் செல்லாது பேருந்தேறி ஊருக்கு வந்தேன்.

அவள் நான் சொன்னபடியே காமர்ஸ் பிரிவில் சேர்ந்திருந்தாள். பள்ளி திறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் தாயாரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “நீ படிச்ச பொண்ணு. நீ வேண்டாம்னா வேண்டாம்னு விட்டோம். இப்ப நீயே வந்து வேணும்னா, கூட நின்னு பாப்பியா?” என்று கேட்டார். “நிற்பேன், அம்மா” என்றேன். மறுநாள் மூவரும் பள்ளிக்குச் சென்றோம். தலைமையாசிரியை அம்மையார் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, “இதை ஜூன் மாசமே கேட்கக் காத்திருந்தேன்” என்று சொல்லி, உயிரியல் அடங்கிய பிரிவிற்கு மாற்றித் தந்தார். இன்னும் ஒரு திங்கள் கழிந்திருந்தால் மாற்றம் எளிதாயிராது.

கூட நிற்பதாக வாக்களித்தபின் வழியை அறிய வேண்டுமன்றோ? அதன்பின் நான் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஏனெனில் நம் கல்லூரியிற் பலரும் என்னைப்போல் இவற்றை அறியாதிருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவச் சேர்க்கை நடைபெற்று வந்தது. 2017 முதல் ‘நீட்’ என்னும் தேசிய நுழைவுத் தேர்வு இங்கும் கட்டாயமாயிற்று. அவ்வாண்டில் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த அனிதா என்னும் மாணவி, கூலித் தொழிலாளி ஒருவரின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும் மருத்துவ இடம் பெறாமல், செப்டம்பர் முதல் நாள் உயிர் நீத்தார். அத்துயரம் தமிழ்நாட்டை உலுக்கியது. அத்தேர்வு தக்கதா தகாததா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. அதனைத் தீர்க்க நான் வல்லேன் அல்லேன். ஆனால் ஒன்று மட்டும் கூறுவேன்: எந்தத் தேர்வாயினும், எந்த மதிப்பெண்ணாயினும், ஒரு பிள்ளையின் உயிரைவிடப் பெரிதன்று. ஊக்கமூட்டுவோர் முதலில் சொல்ல வேண்டுவது இதுவே.

அரசுப் பள்ளி மாணாக்கர் மருத்துவக் கல்லூரிகளில் அருகி, விரல்விட்டு எண்ணத்தக்கவராய்ச் சுருங்கியது கண்டு, நீதிபதி கலையரசன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன்பின் 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அக்டோபர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. முதலாண்டிலேயே மருத்துவமும் பல் மருத்துவமுமாக ஏறத்தாழ 400 இடங்கள் அவர்க்குக் கிடைத்தன. இவ்விடம் பெற்றோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டின் ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று எங்களுக்கு அண்மையிலுள்ள திருவள்ளூரில். மற்றொன்று அனிதா பிறந்த அரியலூர் மாவட்டத்தில்.

ஆகவே, பணம் வேண்டும் என்று நான் சொன்ன முதற் காரணம் பிழை. இரண்டாவது காரணமும் பிழையே: நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். கல்லூரியிற் பாடம் ஆங்கிலத்தில் நடைபெறும் என்பது உண்மை; முதலாண்டில் இடர்ப்பாடும் உண்டு. எனினும் கல்லீரல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றின் இடமும் தொழிலும் அறிந்தவள், அவற்றின் ஆங்கிலப் பெயர்களைப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம். பொருளறியாது பெயரை மட்டும் அறிந்தவனுக்கே அது அரிது. மூன்றாவது காரணமாகிய பயிற்சி மட்டும் முற்றிலும் பொய்யன்று. 180 வினாக்களுக்கு 180 நிமிடம்; சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். இவ்வகைத் தேர்வுக்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்திற்குக் காலமும் துணையும் வேண்டும்.

இவ்வொதுக்கீட்டில் ஒரு நிபந்தனை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றிருத்தல் வேண்டும். இதனை அறியாத பெற்றோர் சிலர், மகளை மருத்துவராக்க வேண்டும் என்னும் ஆசையினாலேயே கடன் வாங்கி, பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகின்றனர். அப்பொழுதே அவ்வுரிமை கைநழுவிப் போகிறது. பதினோராம் வகுப்பில் உயிரியல் இல்லாத பிரிவைத் தேர்ந்தவர், பின்னர் அதனைத் தனியே படித்துத் தேறுவது எளிதன்று. எனவே மருத்துவராவதும் ஆகாததும் பெரும்பாலும் பதினைந்து வயதில், ஒரு விண்ணப்பத் தாளில், வழியறியாத சிலருடைய சொல்லாலே முடிவாகிவிடுகிறது. அந்தச் சிலருள் ஒருத்தியாக நானும் இருந்தேன்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களின் வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். 1910இல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப்பின் அவர்களுக்கென்று இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி என்னும் இரண்டே எஞ்சின. பிற்காலத்தில் சட்டத் தடைகள் நீங்கின. ஆயினும் 1978இல் அங்கே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்த கறுப்பின ஆடவர் 1410 பேர்; 2014இல் 1337 பேரே. ஆண்டு முப்பத்தாறு கழிந்தும் தொகை ஏறவில்லை, குறைந்தது! சட்டம் நீக்கிய தடைக்குப் பின்னாலும் தடைகள் உள்ளன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அதனால் அந்நாட்டில் மருத்துவர்களும் மருத்துவ மாணாக்கரும் உயர்நிலைப் பள்ளிகளுக்கே சென்று, ‘நாங்கள் வந்த வழி இது’ என்று பிள்ளைகளுக்குக் காட்டும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

நம் நாட்டிலும் முதன்முதல் நுழைந்தவர் எவரும் தனியே நுழைந்திலர். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, அவ்வூர்க் கல்லூரியிற் சேர விரும்பியபோது, ஆடவர் கல்லூரியில் பெண்ணா என்று பலர் எதிர்த்தனர். மன்னர் இசைவளித்தார், சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து 1912இல் பட்டம் பெற்றார். அந்த இசைவு இல்லாதிருந்தால், 1954இல் அடையாற்றில் அவர் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனை உண்டாகியிருக்குமா? வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதையும் நாமறிவோம். ஆண் மருத்துவரை நாட இசையாத பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மருத்துவரானவர் அவர். தாம் ஒருவர் மருத்துவரானது போதாதென்று கண்டே இந்நாட்டுப் பெண்களை மருத்துவராக்கினார்.

கிறீன், முத்துலட்சுமி, ஐடா ஆகியோர் வரலாறுகளை ஒருங்கே எண்ணும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. ஊக்கம் என்பது ‘உன்னால் முடியும்’ என்று முதுகைத் தட்டுதல் மட்டுமன்று. கிறீன் நூல் செய்தார், மன்னர் கையொப்பமிட்டார், ஐடா பள்ளி தொடங்கினார். வெறுஞ்சொல்லால் ஒருவரும் மருத்துவராகவில்லை.

நாம் நூல் செய்யவும் பள்ளி தொடங்கவும் வல்லோம் அல்லோம். எனினும் நம்மால் இயன்ற சிறு செயல்கள் உண்டு. இக்கல்லூரியில் விலங்கியலும் தாவரவியலும் இயற்பியலும் வேதியியலும் பயில்வோர் நூற்றுக்கணக்கானோர். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை கண்டு, பாடப்பிரிவு தேரும் காலமும் ஒதுக்கீட்டின் நிபந்தனையும் இன்னவென்று சொல்லிவிட்டு வருவாராயின் பெரும்பயன் விளையும். விண்ணப்பம் நிரப்ப உதவலாம். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதச் செய்யலாம். நம் பழைய மாணவர் குடும்பங்களில் மருத்துவர் பலர் உளர். அவர்களுள் ஒருவர் ஒரு பிள்ளையை ஒருநாள் தம்முடன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, நோயாளியை எவ்வாறு வினவுகிறார் என்று காட்டினால், அப்பிள்ளை அதனை வாழ்நாளெல்லாம் மறவாது. மதிப்பெண் குறைந்து இடம் கிடைக்காதவர்களுக்கும் மறுவழிகள் உண்டென்று அன்போடு எடுத்துரைத்தல் இவற்றினும் முதன்மையானது.

எங்கள் பெண் இப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு. வருகிற மே மாதத்தில் தேர்வு எழுதுவாள். வெற்றி பெறுவாளோ மாட்டாளோ, நான் அறியேன். சென்ற மாதத்து மாதிரித் தேர்வில் இயற்பியல் அவளைக் கைவிட்டது. அன்று என் திண்ணையில் அமர்ந்து அழுதாள். இம்முறை நான் ‘ஆகாது’ என்று சொல்லவில்லை. ‘ஆகும்’ என்றும் சொல்லவில்லை. நம் கல்லூரியில் இயற்பியல் பயிலும் தோழி ஒருத்தியை மறு ஞாயிறன்று அழைத்துச் சென்றேன். இருவரும் ஒளிவிலகல் கணக்குகளை மூன்று மணிநேரம் போட்டனர். எனக்கு ஒன்றும் விளங்காததனால் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இரவுப் பணிக்குப் புறப்பட்ட அவள் தாயார் வாயிற்படியில் சிறிது நின்று பார்த்தார். கம்பெனிப் பேருந்தின் ஒலி கேட்டது. “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?” என்று கேட்டார். “நாலு கணக்கு இருக்கு, நீ போயிட்டு வா, அம்மா” என்றாள் அவள், தலைநிமிராமலே.